கோடை ஒரு மாதம் முந்திவிட்டது: போன ஆண்டு தாங்கிய அதே வெயில் இப்போது ஏன் தாங்கவில்லை?

மாடிவீடு | ஞாயிறு, காலை 5.50

இரவெல்லாம் தூக்கமில்லை. விடியட்டும் என்று காத்திருந்து இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. தலைக்கு மேலே மொட்டைமாடி மட்டும்தான். கோடைக்கு இன்னும் ஒரு மாதமாவது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் ஐந்து நாளாகப் பகலில் 38 டிகிரி. நேற்று முற்பகல் பதினொன்றரை மணிக்கு அப்பா காய்ந்த துணிகளை எடுத்துவர மாடிக்குப் போனார். பத்து நிமிடம்தான் இருக்கும். படியிறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வர, கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு 71 வயது. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள் சாப்பிடுகிறார். அவற்றில் ஒன்று சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் வகை.

எனக்குப் புரியாதது இதுதான். போன கோடையில் 41 வரை ஏறியது. அப்போது இதே அப்பா தினமும் மாலையில் நடந்துபோய்வந்தார். இப்போது 38-க்கே இப்படி. என் மகளும் இரண்டு நாளாக விளையாட்டு வகுப்பு முடிந்து தலைவலியோடு வருகிறாள். பள்ளியில் கேட்டால், கோடைக்கால நேரமாற்றம் அடுத்த மாதம் முதல் தேதியில்தான் தொடங்கும் என்கிறார்கள்.

வீட்டில் ஏசி கிடையாது, மின்விசிறி மட்டுமே. இந்த நாள்களை எப்படிக் கடப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி | ஞாயிறு, காலை 7.25

அக்கா, நான் அவசர சிகிச்சைப் பிரிவில் 14 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். உங்கள் கேள்வி மிகச் சரியான கேள்வி. அப்பா ஒரே ஆண்டில் தளர்ந்துவிட்டார் என்று மனம் உடைந்துபோகாதீர்கள். அவருடைய உடம்பு இன்னும் கோடைக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

வெப்பத்துக்கு உடம்பு பழகுவது வெறும் பேச்சுவழக்கு அல்ல, உள்ளே உண்மையாகவே மாற்றங்கள் நடக்கின்றன. தொடர்ந்து வெப்பத்தில் இருக்கும்போது முதல் சில நாள்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதனால் இதயம் அதே வேலையைக் குறைந்த துடிப்பில் செய்கிறது. வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அதிகமாகவும் சுரக்கிறது, அதில் வெளியேறும் உப்பின் அளவும் குறைகிறது. இவை எல்லாம் நிறைவடைய 7 முதல் 14 நாள்கள் ஆகும். குளிர்ந்த மாதங்களில் இந்தப் பழக்கம் கரைந்துபோய்விடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் உடம்பு புதிதாகத்தான் தொடங்கவேண்டும். போன கோடையில் 41 வந்தபோது அப்பாவுக்குப் பின்னால் பல வாரப் பயிற்சி இருந்தது. இப்போது எதுவுமே இல்லை.

எங்கள் பிரிவில் ஒவ்வோர் ஆண்டும் நான் பார்ப்பதும் இதுதான். உச்சக் கோடையைவிட முதல் அனல் வீசும் அந்த ஒரு வாரத்தைக் கண்டுதான் எனக்குப் பயம்.

உடனே செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நாளையே அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அந்தச் சிறுநீர் மாத்திரையின் அளவைக் கோடைக்கு ஏற்ப மாற்றவேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து. லித்தியம் போன்ற மனநல மருந்துகள், இதயத்துக்கான பீட்டா தடுப்பு மருந்துகள் எடுப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கவேண்டும். இவற்றில் சில வியர்வையைக் குறைக்கும், சில இதயம் ஈடுகொடுக்கும் வேகத்தைக் கட்டிப்போடும். வெயில் கூடும்போது லித்தியம் இரத்தத்தில் தேங்கவும் கூடும்.

வயதானவர்களுக்குத் தாகம் தாமதமாகவே தெரியும். அதனால் "தாகம் எடுத்தால் கேளுங்கள்" என்று அப்பாவிடம் சொல்லாதீர்கள், நேரம் பார்த்து நீங்களே கொடுங்கள். எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள், இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் அளவு மாறும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் நீர் போதவில்லை என்று பொருள்.

செங்கல் | ஞாயிறு, பிற்பகல் 1.15

இரவுப்பணி சகோதரி எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது. இதை எழுதியே ஆகவேண்டும்.

நான் கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளன். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், இதேபோல் வெயில் முந்திக்கொண்டு வந்த நேரம். 24 வயதுத் தம்பி ஒருவன், எங்கள் குழுவிலேயே பலசாலி, மூன்று வாரம் விடுமுறை முடித்துத் திரும்பியிருந்தான். இரண்டாம் நாள் தளம் போடும் வேலை. கான்கிரீட் வந்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. பதினொரு மணிவாக்கில் அவன் பேச்சு குழறியது. கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னான். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்தோம். திட்டி ஓரமாக உட்காரவைத்தோம், அதுவும் வெயிலில். இருபது நிமிடம் கழித்து வலிப்பு வந்தது. உயிர் பிழைத்தான். ஆனால் சிறுநீரகம் பழுதாகிப் பல வாரம் மருத்துவமனையில் கிடந்தான். அந்த இருபது நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, நலவாழ்வு ஆய்வு நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வெயில் வேலைக்குப் புதிதாக வருபவருக்கு முதல் நாள் 20 விழுக்காடு நேரம்தான் வெயிலில் வேலை. பிறகு நாளுக்கு 20 விழுக்காடு கூட்டி ஐந்தாம் நாள் முழுநேரம். முன்பே பழகியவர் இடைவெளிக்குப் பின் திரும்பினால் 50, 60, 80, 100 என்று நான்கு நாளில் ஏற்றலாம். வேலையிடங்களில் நடக்கும் வெப்பச் சாவுகளில் ஏறக்குறைய பாதி முதல் நாளிலேயே நடக்கின்றன என்றும், பத்தில் ஏழுக்கு மேல் முதல் வாரத்துக்குள் நடக்கின்றன என்றும் அந்நாட்டுத் தொழில் பாதுகாப்புத் துறை சொல்கிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1930-களிலேயே புதிய தொழிலாளர்களை வெப்பத்துக்குப் பழக்கிய பிறகுதான் ஆழத்துக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். இவ்வளவு பழைய அறிவு என் தளத்துக்கு வந்து சேர ஒருவன் விழவேண்டியிருந்தது.

வெயில் முந்தும் ஆண்டில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த முதல் வாரத்தில் பத்து ஆண்டு அனுபவமுள்ளவரும் புதியவர்தான்.

இரவுப்பணி | ஞாயிறு, பிற்பகல் 2.40

அண்ணா, உங்கள் பதிவை எங்கள் பிரிவில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். அந்தத் தம்பிக்கு நடந்தது எல்லா இடத்திலும் நடப்பது. ஆகவே தெளிவாக எழுதிவிடுகிறேன்.

தலைசுற்றல், குமட்டல், அதிக வியர்வை, தசைப்பிடிப்பு, சோர்வு இருந்து, ஆள் தெளிவாகப் பேசினால் அது வெப்பக் களைப்பு. நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, உடம்பை நனைத்து, மெல்ல நீர் கொடுத்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தெளிந்துவிடுவார். தெளியாவிட்டால் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

பேச்சு குழறினால், நடத்தை மாறினால், தள்ளாடினால், நினைவு தப்பினால் அது வெப்பத்தாக்கு. உள்ளுடம்பின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றுபோனால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உழைக்கும்போது விழுபவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்காதீர்கள். ஆடையைத் தளர்த்தி, கையில் கிடைக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி இருந்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். பெரிய தொட்டி நிறையத் தண்ணீர் இருந்து, விழுந்தவர் இளைஞராக இருந்தால், தலையை வெளியே தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு இறக்குவதே மிக வேகமான வழி. முதலில் குளிர்வித்தல், பிறகுதான் வண்டியில் ஏற்றுதல். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம், இந்தச் சூட்டில் அது வேலை செய்யாது.

வெயில்பழகி | ஞாயிறு, இரவு 8.05

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். முப்பது ஆண்டு வெளியிலேயே வேலை பார்த்தவன் நான். நாள் முழுவதும் ஏசி அறைக்குள் இருந்துவிட்டு வெளியே காலை வைத்தால் எந்த உடம்பு தாங்கும்? பழக்கம்தான் மருந்து என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அதைச் செய்யவேண்டியதுதானே? ஏசியை அணைத்துவிட்டு வெயிலில் இறங்குங்கள். அந்தப் பெரியவரையும் தினமும் மாடிக்கு அனுப்புங்கள். பத்து நாளில் சரியாகிவிடும்.

இரவுப்பணி | திங்கள், காலை 6.30

ஐயா, நீங்கள் சொன்னதில் பாதியை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆரோக்கியமான இளைஞர்கள் நாள் முழுவதும் குளிரூட்டிய அறைக்குள்ளேயே இருந்தால் பழக்கம் வராது. காலையிலோ மாலையிலோ சிறிது நேரம் வெளியே நடப்பது, பிறகு அதை நீட்டுவது நல்லது.

மீதிப் பாதிதான் ஆபத்து. உடம்பு பழகுவதற்குக் கொஞ்சம் வெப்பமும் வேண்டும், அதிலிருந்து மீளக் குளிர்ந்த நேரமும் வேண்டும். பகலெல்லாம் வெயில், இரவெல்லாம் வெக்கை என்றால் இதயத்துக்கு ஓய்வே கிடைக்காது. அது பயிற்சி ஆகாது, தேய்மானம்தான் மிஞ்சும். 71 வயதில் வியர்வைச் சுரப்பிகளே முன்புபோல் இயங்குவதில்லை. கைக்குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் இந்தப் பயிற்சி பொருந்தாது.

பழக்கத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். அது 35 டிகிரியைத் தொட்டால் வியர்வை உலரவே வழியில்லாமல் போகும். மனிதன் தாங்கும் எல்லை அதுதான் என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பிறகு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளம், ஆரோக்கியமான ஆள்களையே வெப்ப அறையில் வைத்துச் சோதித்தபோது, புழுக்கமான சூழலில் 31 டிகிரியை ஒட்டியே அவர்கள் உடம்பு கட்டுப்பாட்டை இழக்கத் தொடங்கியது. அந்த முடிவு வெளியானது 2022-இல். நல்ல வலுவுள்ளவர்களுக்கே அவ்வளவுதான் என்றால் அந்த அப்பாவை மாடிக்கு அனுப்பச் சொல்வது சரியா, நீங்களே சொல்லுங்கள்.

கோணமானி | திங்கள், காலை 9.10

நான் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளன். உடம்பைப் பற்றிச் சகோதரி சொல்லிவிட்டார். வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். மாடிவீடு அம்மா, உங்கள் அப்பாவை முந்தாநாள் தாக்கியது மாடி வெயில் மட்டுமாக இருக்காது. ஐந்து இரவுகள் அந்த வீடு அவரைத் தூங்கவிடவில்லை என்று நினைக்கிறேன்.

கான்கிரீட் கூரை வெப்பத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும். உச்சி வெயிலில் மேல்புறம் ஏறும் சூடு சில மணி நேரம் கழித்துத்தான் உள்கூரைக்கு வந்து சேரும். அதனால்தான் மாலை ஆறு மணிக்கு வெளியே இதமாக மாறும்போது உங்கள் அறைக்குள் வெக்கை உச்சத்தில் இருக்கும். நள்ளிரவு வரை கூரை அனலை இறக்கிக்கொண்டே இருக்கும். மேலே தொங்கும் மின்விசிறி அந்தச் சூடான காற்றைத்தான் கீழே தள்ளுகிறது.

முதல் வேலையாக இரண்டு சாதாரண வெப்பமானிகள் வாங்குங்கள். ஒன்றை அறைக்குள்ளும் இன்னொன்றை வெளியே நிழலிலும் மாட்டுங்கள். ஜன்னலை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை அவை சொல்லும். வெளியே இருப்பது உள்ளே இருப்பதைவிடக் குறைவாக இருக்கும் நேரமெல்லாம் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். காலையில் வெளி அளவு உள் அளவைத் தாண்டத் தொடங்கியதும் மூடி, திரையையும் இழுத்துவிடுங்கள். காற்றுக்காக என்று நண்பகலில் ஜன்னலைத் திறந்துவைப்பது அனலை வீட்டுக்குள் அழைப்பதுதான். இரவில் ஒரு பக்கம் மட்டும் திறந்தால் போதாது. எதிரெதிராக இரண்டு திறப்புகள் இருந்தால்தான் காற்று குறுக்கே ஓடும்.

அடுத்தது கூரை. கருத்த மேற்பரப்பு தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். தூய வெள்ளைப் பூச்சு அதில் 70, 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்பு அடித்தாலே போதும். முதலில் பாசியையும் தூசியையும் சுரண்டிக் கழுவி, காய்ந்த பிறகு, மாலை வெயிலில் இரண்டு கை அடியுங்கள். மேல்மாடி அறைகளில் இதனால் 2 முதல் 5 டிகிரி வரை குறைவதுண்டு. ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி அடிக்கவேண்டியிருக்கும், அழுக்குப் படிந்தால் பலன் போய்விடும். வெள்ளைக்கு மேல் நிழல்வலையும் கட்ட முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் தளத்தோடு ஒட்டாமல், இடையில் காற்று போகும்படி உயர்த்திக் கட்டுங்கள்.

மாலையில் மாடியில் தண்ணீர் ஊற்றுவது பலருடைய வழக்கம். அந்த நேரத்துக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் பகலில் உள்ளே இறங்கிய சூட்டைப் பின்னால் ஓடிப் பிடிக்கும் வேலை அது, தண்ணீரும் ஏராளமாகச் செலவாகும். சூடு ஏறாமல் தடுப்பதே மேல்.

ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மறைப்பு கட்டுவது பல மடங்கு பயன் தரும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில் திரையைச் சூடாக்கி அறைக்குள்ளேயே தங்கிவிடும். மேற்கு ஜன்னலை முதலில் கவனியுங்கள். பிற்பகல் வெயில் சாய்வாக வருவதால், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மறைப்பு அங்கே பயன்படாது. முழு உயரத்துக்கும் தட்டி தொங்கவிடவேண்டும்.

இன்றிரவு முதல் அப்பாவைக் கட்டிலில் படுக்கவைக்காமல், தரையில் பாய் விரித்துப் படுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அறையில் தரைதான் குளிர்ந்த இடம்.

உப்புக்காற்று | திங்கள், இரவு 9.45

கோணமானி ஐயாவிடம் ஒரு கேள்வி. நாங்கள் கடலை ஒட்டி இருக்கிறோம். வெயில் முந்தியதும் அவசரமாக ஓர் ஏர்கூலர் வாங்கினோம். கதவு ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு ஓட்டினோம். ஒரு மணி நேரத்தில் மூச்சு முட்டும் புழுக்கம். சுவரே ஈரமாகிவிட்டது. இயந்திரம் பழுதா?

கோணமானி | செவ்வாய், காலை 6.50

பழுது இல்லை. ஏர்கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. ஏற்கெனவே ஈரம் நிறைந்த கடற்காற்றில் இன்னும் ஆவியாக இடமில்லை. உலர்ந்த நாட்டுப்புறத்தில் அருமையாக ஓடும் அதே இயந்திரம் கடற்கரையில் நீராவிப் பெட்டியாகிவிடும். உலர்ந்த ஊரிலும்கூட அடைத்த அறையில் ஓட்டக்கூடாது, ஈரக்காற்று வெளியேற ஒரு ஜன்னல் திறந்திருக்கவேண்டும். உங்களிடம் உள்ளதில் தண்ணீர் விடாமல் வெறும் விசிறியாக ஓட்டுங்கள்.

ஏசி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். 26, 27-இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிடுங்கள். 22-இல் வைப்பதைவிட மின்சாரம் கணிசமாக மிச்சமாகும். வெளியே போகும்போது உடம்புக்கு அடிக்கும் அதிர்ச்சியும் குறையும்.

மாடிவீடு | செவ்வாய், காலை 7.30

எங்களிடம் மின்விசிறி மட்டும்தான் இருக்கிறது. 40-க்கு மேல் விசிறி ஆபத்து என்று ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?

இரவுப்பணி | செவ்வாய், பிற்பகல் 3.20

உலக நலவாழ்வு நிறுவனமும் 40 டிகிரிக்குக் கீழே மட்டும் மின்விசிறி போடச் சொல்கிறது, அக்கா. காரணத்தைத் தெரிந்துகொண்டால் குழப்பம் இருக்காது. நம் தோல் ஏறக்குறைய 35 டிகிரியில் இருக்கும். அதைவிடச் சூடான காற்றை விசிறி நம்மேல் தள்ளும்போது சூடு உள்ளே வருகிறது. அதே காற்று வியர்வையையும் உலர்த்துவதால் சூடு வெளியேயும் போகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக உலர்ந்தால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், அது பெரிய அளவு. இரண்டில் எது மிஞ்சுகிறது என்பதே கேள்வி. நன்றாக வியர்க்கும் இளைஞருக்கு 38, 39-இல் விசிறி உதவும். அதிகம் வியர்க்காத உங்கள் அப்பாவுக்கு அதே விசிறி உலர்ந்த அனலை மட்டும் ஊதும்.

அதனால் அவர் தோலை நீங்கள் நனையுங்கள். கையிலும் கழுத்திலும் முகத்திலும் ஈரத்துணியால் அடிக்கடி துடைத்துவிட்டு, பிறகு விசிறியைப் போடுங்கள். நனைந்த மெல்லிய பருத்தி மேலாடையும் போதும். வியர்வை செய்யவேண்டிய வேலையைத் தண்ணீர் செய்யும், உடம்பிலிருந்து நீரும் உப்பும் குறையாது.

உப்பு-சர்க்கரைக் கரைசல் பற்றித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைக் குவிக்காமல் தலைதட்டி அளக்கவேண்டும். உப்பு கூடினால் கெடுதல். பல மணி நேரம் வியர்த்து உழைத்தவருக்கும், வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ளவருக்கும் இது வேண்டும். வீட்டில் இருக்கும் இரத்த அழுத்த நோயாளிக்குத் தினமும் கொடுக்கும் பானமாக்கிவிடாதீர்கள். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தண்ணீரும் வேண்டாம், தாய்ப்பாலை இன்னும் அடிக்கடி கொடுத்தால் போதும். குழந்தை வண்டியின்மேல் துணி போட்டு மூடாதீர்கள், உள்ளே காற்றே போகாது. நிறுத்திய காரில் ஒரு நிமிடம்கூட விட்டுப்போகாதீர்கள். பத்து நிமிடத்தில் உள்ளே ஏறக்குறைய 10 டிகிரி கூடிவிடும்.

ஈரமண் | புதன், காலை 6.15

செடிகளைப் பற்றியும் ஒரு வரி. நண்பகலில் இலை தொங்கினால் பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள். நீரிழப்பைக் குறைக்கச் செடியே அப்படிச் செய்யும். மாலையிலும் நிமிராவிட்டால்தான் வேருக்கு நீர் இல்லை என்று பொருள். விடியற்காலையில் ஆழமாக ஊற்றி, மண்ணைக் காய்ந்த இலைகளால் மூடிவையுங்கள். இந்த வாரம் உரமும் வேண்டாம், நாற்று மாற்றுவதும் வேண்டாம். செடியும் இன்னும் கோடைக்குப் பழகவில்லை.

நாய் வளர்ப்பவர்கள் புறங்கையைச் சாலையில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது.

உப்புக்காற்று | புதன், பிற்பகல் 12.30

என் மனைவி இன்சுலின் போட்டுக்கொள்பவர். மின்சாரம் அடிக்கடி நின்றுவிடுகிறது, மருந்து கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இரவுப்பணி | புதன், இரவு 10.05

பயன்பாட்டில் இருக்கும் குப்பி வெளியே 30 டிகிரிக்குக் கீழ் இருந்தால் பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் தாங்கும். பெட்டியில் போட்டிருக்கும் குறிப்பைப் பாருங்கள். மின்சாரம் நிற்கும் இடங்களில் ஒரு மண்பானைக்குள் இன்னொரு சிறு பானையை வைத்து, நடுவில் மணல் நிரப்பி, மணலை ஈரமாக வைத்து, மேலே ஈரத்துணி போடுவார்கள். நைஜீரிய ஆசிரியர் முகமது பா அப்பா 1990-களில் காய்கறி கெடாமல் இருக்கப் பரப்பிய முறை இது. உலர்ந்த ஊர்களில் நன்றாக வேலை செய்யும், உங்கள் கடற்காற்றில் பலன் குறைவாகவே இருக்கும். நீங்கள் குளிர்பெட்டியில் பனிக்கட்டிப் பை வைத்துக்கொள்ளுங்கள். மருந்து மட்டும் பனிக்கட்டியைத் தொடக்கூடாது. உறைந்துவிட்டால் வீணாகிவிடும்.

வெயில்பழகி | வியாழன், காலை 5.40

மாடிக்கு அனுப்பச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், மாடிவீடு அம்மா. நேற்று என் வயதொத்த நண்பர் ஒருவர் வேலியோரம் வேலை செய்தவர் உட்கார்ந்துவிட்டார். பெயரைச் சொல்லத் தடுமாறினார். இங்கே படித்திருந்ததால் தோட்டக் குழாயை அவர்மேல் திருப்பிவிட்டேன். இப்போது நலமாக இருக்கிறார். அவரும் முப்பது ஆண்டு வெயிலில் நின்றவர்தான்.

செங்கல் | வியாழன், இரவு 9.20

ஐயா, கண் கலங்கிவிட்டது.

என் பக்கச் செய்தி. வேலை நேரத்தை விடியற்காலை 5.30-க்கு மாற்றக் கேட்டேன். அதெல்லாம் கோடை தொடங்கியதும் பார்க்கலாம் என்றார் ஒப்பந்ததாரர். வெப்பமானியைக் கொண்டுபோய்ச் சாரத்தில் மாட்டினேன். பதினொரு மணிக்கு வெயிலில் இருந்த கம்பியைத் தொடச் சொன்னேன். தொட்டார். மறுநாள் முதல் 5.30-க்குத் தொடங்குகிறோம், பதினொன்றுக்கு நிறுத்துகிறோம். கால் மணிக்கு ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர், யாரும் தனியாக வேலை செய்யக்கூடாது. கான்கிரீட்டை இரவில் போடுகிறோம்.

எனக்குள்ள கோபம் இதுதான். எல்லா ஏற்பாடும் தேதியைப் பார்த்து நடக்கிறது, வெயில் தேதி பார்ப்பதில்லை. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னர் கணக்கிட்டார்கள். அதற்குப் பிறகுதான், 2013-இல், அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. முன்னறிவிப்பில் வெப்பநிலை குறிப்பிட்ட அளவைத் தொட்டால் எச்சரிக்கை போகும், மருத்துவமனைகள் தயாராகும். பள்ளிக்கும் வேலைத்தளத்துக்கும் அதே ஏற்பாடு வேண்டும்.

மாடிவீடு | ஞாயிறு, காலை 6.00

எல்லாருக்கும் நன்றி என்று ஒரு சொல்லில் முடிக்க மனமில்லை.

மருத்துவர் சிறுநீர் மாத்திரையைப் பாதியாக்கினார். வாரம் ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மாடியில் புதன்கிழமை சுண்ணாம்பு அடித்தோம். செவ்வாய் இரவு பத்து மணிக்கு அறைக்குள் 35.5, வெளியே 30. நேற்றிரவு அதே நேரத்தில் அறைக்குள் 32.5, வெளியே 30. அப்பா தரையில் படுத்து ஐந்து மணி நேரம் விழிக்காமல் தூங்கினார். அவர் மூச்சு சீராக வருவதைக் கேட்டுக்கொண்டே நான் விழித்திருந்தேன்.

செங்கல் அண்ணன் செய்ததைப் பார்த்துத் துணிச்சல் வந்தது. நான்கு பெற்றோர் சேர்ந்து பள்ளிக்குப் போனோம். விளையாட்டு மைதானத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு அளந்த அளவுகளை மூன்று நாளுக்கு எழுதிக்கொண்டுபோனோம். விளையாட்டு வகுப்பை முதல் மணிக்கு மாற்றிவிட்டார்கள்.

இரவுப்பணி | ஞாயிறு, காலை 8.15

அக்கா, மூன்று டிகிரி பெரிய விஷயம். இன்னொன்று கேட்கிறேன். உங்கள் கட்டடத்தில் தனியாக வாழும் முதியவர் யாராவது இருக்கிறாரா? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021 ஜூன் இறுதியில், கோடையின் தொடக்கத்திலேயே வந்த அனலில் 619 பேர் இறந்தார்கள். அவர்களில் 98 விழுக்காட்டினர் இறந்தது வீட்டுக்குள், அறைக்குள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தனியாக வாழ்ந்தவர்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கதவைத் தட்டிப் பேசினாலே போதும். பேச்சிலேயே தெரிந்துவிடும்.

மாடிவீடு | ஞாயிறு, மாலை 6.30

இருக்கிறார். எதிர்வீட்டில், 80 வயதுக்கு மேல் இருக்கும். எட்டு ஆண்டாக எதிரே இருக்கிறோம், இன்றுதான் முதல்முறையாக அவர் படுக்கையறைக்குள் போனேன். என் வெப்பமானியைக் கொண்டுபோய் வைத்தேன். 37. மேற்கு ஜன்னலில் பெயின்ட் ஒட்டிப் பிடித்துப் பல ஆண்டாகத் திறக்கவே இல்லையாம். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கோணமானி ஐயா, என்ன செய்யலாம்?

கோணமானி | ஞாயிறு, மாலை 6.55

இழுக்காதீர்கள், கண்ணாடி உடையும். கதவும் சட்டமும் சேரும் கோட்டில் மெல்லிய கத்தியால் சுற்றிலும் கீறிக்கொண்டே வாருங்கள், கீல் பக்கத்தையும் விடாதீர்கள். பிறகு ஒரு மரத்துண்டை வைத்து நான்கு மூலையிலும் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, உதிர்ந்ததை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், பெருக்கவேண்டாம். பெரியவர் அந்த நேரம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். திறந்ததும் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் மறுபடி ஒட்டாது.

மாடிவீடு | ஞாயிறு, இரவு 10.40

ஒன்பதே முக்காலுக்குத் திறந்தது. வாசல் கதவையும் திறந்துவைத்தோம், காற்று குறுக்கே வந்தது. இப்போது அவர் அறையில் 34, வெளியே 30. தூங்கப் போவதற்கு முன்னால் மறுபடி ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.